நோயாளியின் மெத்தை

பாரிசவாதத்தால் ஒருபுறம் செயலிழந்த முதியவர் ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரப்படும் நாளில், அந்த வீட்டில் நிகழ்வனவற்றைப் பலரும் கண்டிருப்பர். மருந்துச் சீட்டை மகன் பத்திரப்படுத்துகிறான். எதை உண்ணக் கொடுக்கலாம், எதை விலக்க வேண்டும் என்பதை மகள் கேட்டு வைத்திருக்கிறாள். பார்க்க வரும் உறவினர் தோடம்பழமும் விஸ்கோத்தும் கொண்டு வருகின்றனர். ஆனால், அம்முதியவர் இனி இரவும் பகலும் கிடக்கப்போகும் மெத்தையைப் பற்றி மட்டும் எவரும் வினவுவதில்லை. வீட்டில் எது இருந்ததோ அதுவே கட்டிலில் விரிக்கப்படுகிறது. சில கிழமைகள் கழிகின்றன. ஒருநாட் காலை முதுகைத் துடைக்கும்போது, நாரிக்குக் கீழே உள்ளங்கையளவு தோல் கறுத்திருப்பதை மகள் காண்கிறாள். "படுக்கையில் விழுந்தவருக்குப் புண் வராமல் இருக்குமா?" என்று அயலவர் அவளைத் தேற்றுகின்றனர்.

அன்பினாற் சொல்லப்பட்டதாயினும் அந்த ஆறுதல் மொழி பிழையானது. படுக்கைப்புண் நோயோடு பிறந்ததன்று, விதியால் வருவதுமன்று. மிகப் பெரும்பாலும் அது தடுக்கத்தக்கது. தடுக்காது விட்டாலோ, தோலில் தொடங்கியது தசையை அழித்து எலும்பு வரை இறங்கும். அதனூடாகக் கிருமி குருதியிற் கலந்து உயிரையும் கவரும். முதல் நோயிலிருந்து தப்பிப் பிழைத்தவர் படுக்கைப்புண்ணால் மாண்ட நிகழ்ச்சிகள் உலகெங்கும் உண்டு. ஆகவே, இப்புண் எவ்வாறு உண்டாகிறது, அதைத் தடுப்பதில் மெத்தை எவ்வளவு உதவும், எவ்விடத்தில் அதன் உதவி நின்றுவிடும் என்பனவற்றை நோயாளியைப் பேணும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

தோலும் தசையும் குருதியால் வாழ்கின்றன. அக்குருதி இறுதியாகச் சென்று சேரும் குழாய்கள் மயிரினும் நுண்ணியவை. குருதி மயிர்க்குழாய்கள் என்று அவற்றைக் கூறுவர். 1930ஆம் ஆண்டில் இயூஜின் லாண்டிஸ் என்னும் அமெரிக்க அறிஞர், விரல் நகத்தின் அடியிலுள்ள இத்தகைய குழாயினுள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி, உள்ளே நுழையும் குருதியின் அழுத்தத்தை அளந்தார். சராசரியாக 32 மில்லிமீற்றர் பாதரச அளவே அங்கு காணப்பட்டது. வைத்தியர் மேற்கையிற் பட்டி கட்டி அளக்கும்போது 120 என்று காட்டும் அழுத்தம், இந்நுண்குழாய்களை அடையும்போது இவ்வளவாகக் குறைந்துவிடுகிறது. வெளியிலிருந்து இதனினும் மிகுந்த அழுத்தம் இடைவிடாது படுமாயின் குழாய் நசிந்து குருதியோட்டம் தடைப்படும். இந்த 32 என்பது எல்லா உடலுக்கும் பொதுவான எல்லைக்கோடு அன்று. மெலிந்தவருக்கும், முதியவருக்கும், குருதியோட்டம் குன்றிய நீரிழிவு நோயாளருக்கும் இதனிற் குறைந்த அழுத்தமே தீங்கு செய்யப் போதுமானது.

அப்படியானால், பலகையிலும் பாயிலும் படுத்துறங்கும் உழைப்பாளிக்கு ஏன் புண் வருவதில்லை? அவர் தூக்கத்திலும் தம்மை அறியாமற் புரள்கிறார். ஓரிடத்திற் குருதி தடைப்பட்டதும் நரம்பு ஒரு சிறு நோவை அனுப்புகிறது. உடல் அசைந்து கொடுக்கிறது. அந்த நோவே உடலின் காவற்காரன். பாரிசவாதத்திலும், முதுகுநாண் முறிவிலும், மயக்கத்திலும் அக்காவற்காரன் உறங்கிவிடுகிறான். சிலரிடம் அவன் விழித்திருந்து கூவினாலும், எழுந்து புரள உடலில் வலுவிருப்பதில்லை. எனவே, எலும்பு தோலுக்கு அண்மையில் உள்ள இடங்களான நாரியின் அடி, இடுப்பெலும்பின் முனை, குதிக்கால், கணுக்கால், தோட்பட்டை, பின்தலை ஆகியன எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் அகப்பட்டு நசிகின்றன.

1959ஆம் ஆண்டில் மைக்கல் கோசியாக் என்னும் வைத்தியர் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார். மிகுந்த அழுத்தம் சிறிது நேரம் பட்டாலும் தசை அழிகிறது. குறைந்த அழுத்தம் நெடுநேரம் பட்டாலும் தசை அழிகிறது என்பதே அவர் கண்ட உண்மை. இப்பொருளின் திறவுகோல் இதில் அடங்கியுள்ளது. படுக்கைப்புண்ணைத் தடுக்கக் குறைக்க வேண்டியவை இரண்டு: ஒன்று அழுத்தம், மற்றது காலம். அழுத்தத்தைக் குறைப்பது மெத்தையின் தொழில். காலத்தைக் குறைப்பது நோயாளியைப் புரட்டிவிடும் கைகளின் தொழில்.

இவ்விரண்டுக்கும் துணைப் பகைவர் இருவர் உளர். முதலாவது இழுவை. தலைப்பக்கம் உயர்த்தப்பட்ட கட்டிலில் நோயாளி மெல்ல மெல்லக் கீழ்நோக்கிச் சறுக்குகிறார். தோல் விரிப்பிலே ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளிருக்கும் எலும்பு கீழே நகர்கிறது. இடையிலுள்ள குருதிக்குழாய்கள் இழுபட்டு வளைந்து அடைபடுகின்றன. இரண்டாவது ஈரம். வியர்வையும் சிறுநீரும் ஊறிய தோல் தன் உறுதியை இழந்து இலகுவில் உரிந்துவிடுகிறது. வெப்ப நாடாகிய இலங்கையில் இந்த ஈரப் பகையைச் சிறிதாக எண்ணுதல் தகாது.

படுக்கைப்புண் தவிர்க்க முடியாதது என்ற எண்ணம் கற்றோரிடையேயும் நெடுங்காலம் நிலவியது. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற நரம்பியல் வைத்தியரான ஷார்க்கோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நரம்பு சிதைந்தமையே சில படுக்கைப்புண்களுக்குக் காரணம் என்றும், அவை மரணத்தின் முன்னறிகுறி என்றும் கற்பித்தார். ஆனால், அழுத்தமும் ஈரமுமே காரணம் என்பதை பிரௌன் செக்கார் என்பவர் அதற்கு முன்னரே விலங்குச் சோதனைகளாற் காட்டியிருந்தார். தாதியர் கல்விக்கு வழிகாட்டிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரும், 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், படுக்கைப்புண்ணை நோயின்மேற் சுமத்தாது பராமரிப்புக் குறைவின்மேற் சுமத்தினார்.

படுக்கையை மாற்றிப் புண்ணை வெல்லும் முயற்சியும் புதியதன்று. 16ஆம் நூற்றாண்டில் அம்புறுவாஸ் பரே என்னும் பிரெஞ்சு இரணவைத்தியர், துப்பாக்கிக் காயத்தால் மாதக்கணக்கிற் படுத்திருந்த பிரபு ஒருவரின் படுக்கைப்புண்ணைக் கண்டு, புண்ணிற் பாரம் படாதிருக்க மென்சிறகுத் தலையணை ஒன்றைச் செய்வித்தார். 1832ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து வைத்தியரான நீல் ஆர்னொட், நீர் நிறைந்த தொட்டியின் மீது இறப்பர் பூசிய துணியை விரித்து நீர்ப்படுக்கையை அமைத்தார். நீரில் மிதப்பவனுக்கு எங்கே அழுத்தம் என்பது அவருடைய எண்ணம். எண்ணம் நன்றே, ஆயினும் நீர்ப்படுக்கை பெரும் பாரமுடையது, உடலைக் குளிர்விப்பது, அதிற் கிடப்பவரைத் திருப்புவதும் எளிதன்று.

புரட்டிவிடுதலின் வலிமையை உலகம் கண்டது இரண்டாம் உலகப் போரின்போதுதான். முதுகுநாண் முறிந்த போர்வீரருட் பெரும்பாலோர் அதுவரை படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டுகொண்டிருந்தனர். 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில் அத்தகையோருக்கென ஒரு பிரிவைத் தொடங்கிய வைத்தியர் லுட்விக் குட்மன், அவர்களை இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும் என்று விதித்து, அவ்விதி வழுவாது காத்தார். சாகக் கிடந்தோர் பிழைத்தனர். 1948ஆம் ஆண்டில் அவ்வைத்தியசாலைப் புற்றரையில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்லெய்து போட்டியிட்டனர். இன்று பராலிம்பிக் என்று வழங்கும் உலகப் போட்டியின் விதை அதுவே.

இனி மெத்தையை நோக்குவோர் முதலில் அறிய வேண்டியது ஒன்று. கடற்கரையின் ஈரமணலில் நிற்பவரின் குதிக்கால் மணலிற் புதைகிறது. அதே மணலில் அவர் மல்லாந்து படுத்தால் உடல் புதைவதில்லை. பாரம் ஒன்றே, அதைத் தாங்கும் பரப்புத்தான் வேறு. நல்ல மெத்தை செய்வதும் இதுவே. உடலைச் சற்றே அமிழவிட்டு, எலும்பு முனைகளின் வடிவத்துக்கேற்ப வளைந்து தழுவி, சில முனைகள் மட்டும் தாங்கிய பாரத்தை உடல் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. இறுகிய மெத்தையில் உடல் அமிழாது. மிக மெலிந்த மெத்தையில் உடல் அமிழ்ந்து அடிப்பலகையையே தொட்டுவிடும். இரண்டும் நோயாளிக்குப் பகையே.

இலங்கை வீடுகளில் காணப்படுவனவற்றுள் ஒன்று தும்பு மெத்தை. உறுதியும் காற்றோட்டமும் உடைய இம்மெத்தை நாரி நோவுள்ளவருக்கு நன்று என்று பலரும் விரும்புவர். ஆனால், அந்த உறுதியே அசைய முடியாதவருக்குக் குறையாகிறது. அது எலும்பு முனைக்கு வளைந்து கொடுப்பதில்லை. இலவம்பஞ்சு மெத்தை புதிதாய் இருக்கும்போது மென்மையானது. நாட்பட நாட்படப் பஞ்சு திரண்டு, கட்டியும் பள்ளமுமாகிவிடும். வெயிலிற் காயவிட்டு அடித்தால் ஓரளவு மீளும். சிறுநீர் ஊறிவிட்டாலோ உள்ளே காய்வது அரிது. பாயை மட்டும் விரித்த பலகைக் கட்டில், தாமாகப் புரள முடியாதவருக்கு ஒருபோதும் ஏற்றதன்று.

நுரை மெத்தைகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. மலிவான மெல்லிய நுரை ஓரிரு மாதங்களில் நடுவே குழிந்துவிடும். நோயாளருக்கெனச் செய்யப்படும் செறிவு மிகுந்த நுரை மெத்தை ஏறக்குறைய ஆறு அங்குலத் தடிப்பும், ஒரு கனமீற்றருக்கு 35 கிலோகிராம் அளவிலான செறிவும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டி நூல்கள் கூறியுள்ளன. விற்பவரிடம் வினவ வேண்டியவை இவ்விரண்டுமே. சாதாரண நுரை மெத்தையினும் இத்தகைய மெத்தையிற் புண் குறைவாகவே உண்டாகிறது என்பதைப் பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

அடுத்தது காற்று மெத்தை. பல காற்றறைகளை உடைய ஒருவகையில், மின்சாரப் பம்பி ஒன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் அறை வரிசையை நிரப்பி மற்றொன்றைத் தளர்த்துகிறது. இதனால் பாரம் தாங்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இதை வாங்கிவிட்டாற் புண்ணே வராது என்று நம்புவோர் பலர். 2019ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று, 2029 நோயாளரைக் கொண்டு இம்மெத்தையையும் செறிந்த நுரை மெத்தையையும் ஒப்பிட்டது. மொத்தத்தில் இரண்டுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க பெரிய வேறுபாடு காணப்படவில்லை. மிகுந்த ஆபத்திலுள்ள சிலருக்கு வைத்தியரோ தாதியோ காற்று மெத்தையையே பரிந்துரைக்கலாம், அது வேறு. ஆனால், அதை வாங்கப் பணமில்லையே என்று ஏங்கும் குடும்பம், நல்ல நுரை மெத்தையும் கருத்தான பராமரிப்பும் தாழ்ந்தன அல்ல என்று தெளிவு பெறலாம்.

காற்று மெத்தை வாங்கியோரும் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். மேல்விரிப்பாகச் செய்யப்பட்ட மெல்லிய காற்று மெத்தையை வெறும் பலகையில் விரிக்கலாகாது. கீழே நுரை மெத்தை ஒன்று இருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். மின்சாரம் நின்று காற்று இறங்கினால், அடியில் நுரை இல்லாதவர் பலகையிலேயே கிடப்பார். பம்பியை நோயாளியின் நிறைக்கேற்ப அமைத்தல் வேண்டும். மெத்தையின் மேல் தடித்த போர்வைகளையும் மடித்த சீலைகளையும் அடுக்கினால் மெத்தையின் பயன் கெடும். மென்மையான பருத்தி விரிப்பு ஒன்று, இறுக இழுக்கப்படாமல், சுருக்கமின்றி இருப்பதே போதும். நோயாளியின் உடலோடு ஒட்ட றெக்சினோ பிளாஸ்ரிக்கோ இருந்தால் வியர்வை தேங்கும். மெத்தையைக் காக்கும் உறை விரிப்பின் அடியிலேயே இருக்கட்டும்.

நுரையாயினும் காற்றாயினும், மெத்தை தன் கடமையைச் செய்கிறதா என்று வீட்டிலேயே அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நோயாளி படுத்திருக்கும்போது, அவருடைய நாரிக்கு நேர்கீழே, மேல்விரிப்பு மெத்தையின் அடியில், உள்ளங்கை மேல்நோக்கி இருக்கக் கையைச் செலுத்த வேண்டும். கைக்கும் உடலுக்கும் இடையே ஓர் அங்குலமாவது நசியாத மெத்தை இருத்தல் நன்று. எலும்பு கையில் முட்டுமாயின், அம்மெத்தை நோயாளியைத் தாங்கவில்லை. அடியிலுள்ள கட்டிலே தாங்குகிறது.

நல்ல மெத்தை கிடைத்தபின் கைகளுக்கு ஓய்வுண்டா? இவ்வினாவுக்கும் ஆராய்ச்சி விடை கண்டிருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த 942 முதியோரைச் செறிந்த நுரை மெத்தையிற் கிடத்தி, இரண்டு, மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தனர். 2013ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு, மூன்று முறைகளுக்கும் இடையே புண் உண்டாவதிற் பெரிய வேறுபாடு இல்லை என்பதாகும். இதன் பொருளை நன்கு உணர்தல் வேண்டும். திருப்பாமல் விடலாம் என்று அவ்வாய்வு கூறவில்லை. ஒழுங்காகத் திருப்புவோருக்கு நல்ல மெத்தை சிறிது காலத்தை ஈட்டித் தருகிறது என்றே கூறுகிறது. இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து, பகலில் வீட்டு வேலையும் பார்க்கும் ஒரு மகளுக்கோ மனைவிக்கோ, மேலும் ஒரு மணித்தியாலத் தூக்கம் சிறிய கொடையன்று. ஆயினும், எவருக்கு எவ்வளவு இடைவெளி பொருந்தும் என்பதை அவரவர் தோலே கூறும். திருப்பும்போது தோல் நிறம் மாறியிருந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். சாதாரண மெத்தையிற் கிடப்பவருக்கு இரண்டு மணித்தியால விதியே பாதுகாப்பானது.

திருப்புவதிலும் முறையுண்டு. நேர் பக்கவாட்டிற் படுக்கவைத்தால் இடுப்பெலும்பின் முனை நசியும். முதுகின் பின்னே தலையணை கொடுத்து, ஏறத்தாழ 30 பாகை அளவிற் சாய்த்து வைத்தால், பாரம் சதைப்பற்றுள்ள பிட்டத்தில் விழும். குதிக்காலை எந்த மெத்தையும் முற்றாகக் காப்பதில்லை. கெண்டைக்காலின் நீளத்துக்குத் தலையணை வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, குதிக்கால் எதிலும் படாது நிற்கச் செய்தல் வேண்டும். உணவூட்டும் வேளையும் உண்டபின் சிறிது நேரமும் தவிர, தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தாதிருத்தல் நன்று. மூச்சுத் திணறல் உடையோருக்கும் குழாய்மூலம் உணவு பெறுவோருக்கும் வைத்தியர் சொல்லே விதி. சறுக்கியவரைக் கக்கத்திற் பிடித்து இழுக்கலாகாது. இருவர் விரிப்பின் ஓரங்களைப் பிடித்துத் தூக்கியே நகர்த்த வேண்டும்.

முன்னாளிற் கற்பிக்கப்பட்டு இன்றும் வழக்கிலுள்ள சில முறைகளைக் கைவிட வேண்டியுள்ளது. நடுவே துளையுள்ள இறப்பர் வளையத்தில் நோயாளியை இருத்துவது அவற்றுள் ஒன்று. துளைக்கு மேலுள்ள தோல் தப்பினாலும், வளையத்தின் விளிம்பு சுற்றிவர நசித்து, நடுவிடத்துக்கே குருதி செல்லாது தடுக்கிறது. குதிக்காலின் கீழ் நீர் நிரப்பிய கையுறை வைப்பதும் பயனற்றது. நிறம் மாறிய இடத்தை எண்ணெயோ ஸ்பிரிற்றோ இட்டு உரசுவது, ஏற்கெனவே நலிந்த தசையை மேலும் சிதைக்கிறது.

புண்ணின் முதல் அறிகுறியைப் பாடநூல்கள் 'சிவத்தல்' என்று கூறுகின்றன. வெண்ணிறத் தோலைக் கண்டு எழுதப்பட்ட குறிப்பு அது. கருநிறத் தோலிற் சிவப்புத் தெரியாமற் போகலாம். ஆகவே, இந்நாட்டிற் கண்ணோடு கையும் காவல் செய்ய வேண்டும். நாள்தோறும் நல்ல வெளிச்சத்தில் எலும்பு முனைகளைப் பார்த்து, தொட்டு, அயற்றோலோடு ஒப்பிட வேண்டும். ஓரிடம் மட்டும் கூடுதலாகக் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, சூடாகவோ குளிராகவோ உள்ளதா, கல்போல் இறுகியோ களிபோல் இளகியோ இருக்கிறதா, தொட்டால் நோகிறதா என்று அறிதல் வேண்டும். இவற்றில் ஒன்று கண்டாலும் அவ்விடத்தில் மீண்டும் பாரம் படாது காத்து, தாதிக்கோ வைத்தியருக்கோ காட்ட வேண்டும். கறையான் அரித்த கப்பு வெளியே பழுதின்றித் தோன்றுவதுபோல, மேலே சிறு கறையாகத் தெரிவது உள்ளே எலும்பருகிற் பெருங்குழியாய் இருக்கக்கூடும்.

தோலை வெதுவெதுப்பான நீராலும் மென்மையான சவர்க்காரத்தாலும் கழுவி, உரசாது ஒற்றித் துடைப்பதும், சிறுநீர் பட்டவுடன் விரிப்பை மாற்றுவதும், மீன், முட்டை, பருப்பு முதலிய புரதவுணவை அவரவர் நோய்க்கேற்பக் குறையாது ஊட்டுவதும் மெத்தைக்குத் துணைநிற்பன.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், வைத்தியன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து பேணுபவனையும் ஒரு கூறாக எண்ணி, உழைச்செல்வான் என்று பெயரிட்டார். மெத்தை எவ்வளவு சிறந்ததாயினும் மருந்து என்னும் கூற்றுக்குள்ளேயே அடங்கும். நான்காம் கூற்றின் இடத்தை அது நிரப்பாது. ஆனால், நல்ல மெத்தை அந்த நான்காமவரின் சுமையைக் குறைக்கும். ஆகவே, நோயாளி வீட்டுக்கு வரும் நாளில், மருந்துச் சீட்டோடு கேட்டு வர வேண்டிய வினாக்கள் இரண்டு: இவர் எத்தகைய மெத்தையிற் படுக்க வேண்டும்? எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இவரைத் திருப்ப வேண்டும்? இவ்விரு வினாக்களையும் முதல் நாளே கேட்டுச் செயற்படும் வீட்டில், அந்தக் கறுத்த தோலைக் காணும் காலைப்பொழுது பெரும்பாலும் விடியாமலே போகும்.